கே.கே. நகரில் வைத்த வருகை

நிரந்தர முகவரியிலிருந்து
மந்தைவெளி, சென்னை
6 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பி முத்துகிருஷ்ணனுக்கு,

அக்கா தங்கபுஷ்பம் எழுதுவது. போன ஞாயிறுதான் போனில் பேசினோம். சாப்பிட்டாயா, குளிருகிறதா, எல்லாம் கேட்டாகிவிட்டது. ஆனால் தேனாம்பேட்டையில் உனக்கு விசா வாங்கிக் கொடுத்த நீரஜா மேடம், போனில் பேசுவது கணக்கில் வராது என்கிறார். "தபால்ல லெட்டர் போடுங்க. முத்திரை விழும், தேதி விழும். நாளைக்கு விசாவுல ஏதாவது கேள்வி வந்தா, ஊர்ல பாசம் இருக்குன்னு காட்ட ஆதாரம் வேணும்ல?" ஆகவே பாசத்தோடு எழுதுகிறேன். அதிகாரி யாராவது மொழிபெயர்த்துப் படித்தால் அவருக்கும் என் வணக்கம்.

வீடு நலம். கடை நலம். (தி. நகரில் அப்பா தொடங்கி, இப்போது நான் நடத்தி, படிப்பு முடிந்ததும் நீ வந்து நடத்தப்போகிற எவர்சில்வர் பாத்திரக் கடை. இதை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொன்னார் மேடம்.) உன் அறையில் எதையும் மாற்றவில்லை. பாத்திரத்தில் பெயர் பொறிக்கிற உன் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். உன் இடத்துக்கு ஒரு பையனைப் போட்டேன். காமாட்சி என்று எழுதச் சொன்னால் மருந்துச் சீட்டு மாதிரி எழுதுகிறான். அனுப்பிவிட்டேன்.

இரண்டு முறை விசா மறுத்தார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. திரும்பி வருவார் என்று நம்ப முகாந்திரம் இல்லையாம். நீரஜா மேடமும் கேட்டார்: "உங்க தம்பிக்கு இங்க என்னம்மா இருக்கு? பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, அப்பா அம்மா இல்ல." நான் இருக்கேனே என்றேன். "அக்கா செல்லாதும்மா" என்றார், பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சொல்வது மாதிரி.

அதனால்தான் மூன்றாம் முறை பரஸ்தானம் வைத்தேன். உனக்குத் தெரியும், அதிகாரிக்காக எழுதுகிறேன். பயண நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் துணிமணியை மூட்டையாகக் கட்டி, போகிற வழியில் யார் வீட்டிலாவது வைத்துவிடுவோம். மூட்டை கிளம்பினால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. போவதற்கு வைப்பதை நான் வருவதற்கு வைத்தேன். விமான நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிற வழியில், கே.கே. நகர் ஜெயஸ்ரீ சித்தி வீட்டில். உன் வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு பிடி அரிசி, விரலி மஞ்சள், பெயர் பொறித்த உன் டம்ளர், வீட்டுச் சாவி. அந்த மூட்டையின் போட்டோவை மேடம் விண்ணப்பத்தோடு வைத்தார். விசா வந்தது. அக்கா செல்லாவிட்டாலும் அக்கா கட்டிய மூட்டை செல்லும் போலிருக்கிறது.

படித்து முடி. வா. எனக்குத் துணைக்கு ஆள் வேண்டாம். ஷட்டரைத் தூக்க ஆள் வேண்டும்.

அக்கா
தங்கபுஷ்பம்


தற்காலிக முகவரியிலிருந்து
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கும், அக்காவைப் படிக்கும் அதிகாரிக்கும்,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் தாய்நாட்டின்மேல் எனக்குப் பாசம் பொங்கியது என்பதை இதன்மூலம் பதிவு செய்கிறேன்.

இந்த ஊரில் ஓர் ஏரி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் வேறு பார்க்க ஒன்றுமில்லை, படிக்கத்தான் வேண்டும். என்னோடு அறையில் இருப்பவன் அறிவு. சிந்தாதிரிப்பேட்டைக்காரன். கூவத்தை நினைத்து ஏங்குகிற ஒரே மனிதனை இங்கேதான் பார்த்தேன். எல்லோரும் காகிதக் கோப்பையில் காபி குடிக்கும்போது நான் மட்டும் பெயர் போட்ட எவர்சில்வர் டம்ளரில் குடிக்கிறேன். (மூட்டையில் நீ வைத்ததன் ஜோடி.) ஏதாவது போட்டியில் வென்றதா என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். ஆம், பெயர் வைத்துக்கொண்டதற்காக என்றேன்.

விசா நேர்முகத்தில் நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி உன் மூட்டையின் படத்தை எடுத்துக் காட்டி, "இது என்ன, சலவைக்குப் போடுவதா?" என்று கேட்டார்.

"என் வருகை" என்றேன்.

"எப்போது வருவீர்கள்?"

"ஏற்கனவே கிளம்பிவிட்டேன்."

"நீங்கள் இன்னும் போகவே இல்லையே?"

"அது ஒன்றுதான் பாக்கி."

நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்து வெகுநேரம் தட்டச்சு செய்தார். ஒரு மூட்டையைப் பற்றி அவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில், "உங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது" என்றார். விசா கொடுத்ததைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

ஷட்டரைத் தூக்க வருவேன். எண்ணெய் போட்டு வை. அந்தக் கிறீச் சத்தத்துக்குத் தெருநாய்கூடப் பழகவில்லை.

தம்பி
முத்து


நிரந்தர முகவரியிலிருந்து
மந்தைவெளி
18 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. மயிலாப்பூர் முழுக்கக் கோலமும் மைக்கும். ஜோசியர் சின்னப்பையனைப் பார்க்கப் போனேன். எண்பது வயதிலும் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளாத மனிதர். உனக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று கேட்கத்தான் போனேன். பேச்சுவாக்கில் பரஸ்தானத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"எப்போ வெச்ச? அவன் கெளம்பினதுக்கு அப்புறமா?"

"இல்லய்யா. விசாவுக்கு முந்தி."

"போறதுக்கு முந்தி வர்றத வெச்சிட்டியேம்மா. ஆள் இங்க இருக்கையில யார் வர்றதுக்கு வெச்ச?"

பரிகாரம் கேட்டேன். வைத்த மூட்டையை ஆள் வந்துதான் எடுக்க வேண்டும், வேறு யாரும் பிரிக்கக் கூடாது, சீக்கிரம் வரச் சொல் என்றார். தட்சிணை வாங்கவில்லை. நீட்டிய நோட்டை மடித்து மறுபடி பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கே.கே. நகருக்குப் போனேன். சித்தி மூட்டையைப் பரணில் வைத்திருந்தாள் அல்லவா? இப்போது ஹாலில் நாற்காலிமேல் இருக்கிறது. மருமகள் இறக்கினாள் என்று சித்தி சொல்கிறாள். சித்திதான் இறக்கினாள் என்று மருமகள் சொல்கிறாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் மறுபடி பரணில் ஏற்றிவிட்டு வந்தேன். நேற்று சித்தி போன் செய்தாள். வாசலில் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறதாம்.

பரீட்சை நன்றாக எழுது.

அக்கா


தற்காலிக முகவரியிலிருந்து
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஏரி உறைந்துவிட்டது. மக்கள் அதன்மேல் நடந்து போய் மீன் பிடிக்கிறார்கள்.

போருக்குப் புறப்பட நாள் கூடிவராத அரசன், குடையையும் வாளையும் நல்ல நாளில் முன்னால் அனுப்பிவைப்பான் என்று பழைய இலக்கணத்தில் இருக்கிறது. நம் சித்தி வீட்டு மூட்டைக்கு அவ்வளவு பெரிய பரம்பரை. ஆனால் அரசன் வராததால் குடையே தனியாகப் போய்ப் போர் செய்தது என்று எந்தப் புலவரும் பாடவில்லை. சித்திக்கும் மருமகளுக்கும் நடக்கிற போரில் மூட்டை ஓர் ஆயுதம், அவ்வளவுதான். சின்னப்பையன் அய்யாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஒரு சந்தோஷ செய்தி. செப்டம்பரில் படிப்பு முடிந்ததும் இங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. அதற்குத் தனி விசா வேண்டும். ஓர் ஆண்டுதான், அதிகம் போனால் இரண்டு. தற்காலிகம் என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. போன ஞாயிறு அறிவும் நானும் இந்த வீட்டை அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வாடகைக்கு எழுதி வாங்கிக்கொண்டோம். இங்கே வீடு கிடைப்பது கஷ்டம், அதனால்தான்.

நீ இதைக் கோபமில்லாமல் படிப்பாய் என்று எதிர்பார்க்கிறேன். படிக்கவில்லை என்றாலும் முத்திரை விழுந்திருக்கும்.

முத்து


நிரந்தர முகவரியிலிருந்து
மந்தைவெளி
3 மார்ச் 2025

தம்பிக்கு,

கோபமில்லாமல் படித்தேன். கடையில் உட்கார்ந்து படித்ததால் கோபப்பட நேரமில்லை. முகூர்த்த மாதம்.

நம் சரக்கு ஏற்றுகிற லோடு வண்டி சக்திவேல் வந்திருந்தான். அண்டாவை இறக்கிவிட்டு, "இன்னாக்கா, சின்னவரு வந்துகீறாரு, ஒரு வார்த்த சொல்லல?" என்றான்.

"யாருடா?"

"நம்ம முத்தண்ணன்தான். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல சரக்கு எறக்கப் போனேன்க்கா. ஆளுங்க வெளிய வர்ற எடத்துல நின்னுகினு இருந்தாரு. கையில ஒண்ணியும் இல்ல. வாண்ணா, வண்டில ஏறு, மந்தைவெளில வுட்டுடறேன்னேன். 'இல்ல நைனா, மூட்டை வேற எடத்துல கீது, அத்த எடுத்துனு வரணும்'னாரு."

நீ 'கீது', 'அத்த' என்றெல்லாம் பேச மாட்டாய். அது சக்திவேலின் தமிழ். ஆனால் மூட்டை விஷயம் சக்திவேலுக்குத் தெரியாது. அவனிடம் நான் சொல்லவே இல்லை.

எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். பிப்ரவரி முதல் ஞாயிறாம். நீ வீட்டை எழுதி வாங்கிய ஞாயிறு.

வேறு யாரையோ பார்த்திருப்பான் என்று அவனிடம் சொன்னேன். அவன் அண்டாவை ஒருமுறை பார்த்தான். "என் கல்யாணத்து அண்டாவுல பேர் போட்டுக் குட்த்த மனுசன்க்கா. மூஞ்சி மறந்துடுமா?" என்றான்.

அக்கா


தற்காலிக முகவரியிலிருந்து
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சக்திவேல் நல்லவன், கண்ணாடி போட வேண்டியவன். என் செலவில் ஒன்று வாங்கிக் கொடு.

வேலை உறுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். விசாவுக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. போன விசாவுக்கு நான் திரும்பி வருவேன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த விசாவுக்கு நான் இங்கே எவ்வளவு தேவை என்று நிரூபிக்க வேண்டும். ஒரே ஆள், இரண்டு சத்தியம். இரண்டு காகிதமும் ஒரே மேசைக்குப் போகாமல் இருந்தால் சரி.

இன்னொரு வேடிக்கை. இங்கே எல்லோரும் என்னைப் பார்த்து, "இன்னும் போகலையா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் நூலகத்தில் ஓர் அம்மாள். அப்புறம் என் பேராசிரியர், "ஊருக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன்" என்றார். நேற்று சமையலறையில் அறிவு என்னைப் பார்த்துத் துள்ளி விழுந்தான். "மச்சி, நீ கெளம்பிட்டன்னு நெனச்சேன்டா" என்றான். நாங்கள் இருவரும் அன்று காலையில்தான் ஒன்றாக இட்லி தின்றோம்.

ஒரு வேண்டுகோள். என் அறை சும்மா கிடக்கிறது. யாருக்காவது வாடகைக்கு விடேன். உனக்கும் பேச்சுத்துணை ஆகும். மெஷினையும் யாருக்காவது கொடுத்துவிடலாம். இதைப் பற்றிப் போனில் பேசுகிறேன்.

முத்து


நிரந்தர முகவரியிலிருந்து
மந்தைவெளி
27 ஏப்ரல் 2025

முத்துகிருஷ்ணனுக்கு,

போனில் கத்தினாய். நானும் கத்தினேன். இனிமேல் போன் செய்யாதே, எழுது. எழுத்தில் கத்த முடியாது.

அறையை வாடகைக்கு விட மாட்டேன். மெஷினையும் கொடுக்க மாட்டேன். "அதுக்கெல்லாம் இனி யார் வரப்போறா?" என்று கேட்டாய். அன்று பிற்பகல் சித்தி போன் செய்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எட்டி புஷ்பம், ஒம் தம்பி வந்துட்டுப் போறாம்ட்டி. நான் டி.வி. பாத்துக்கிட்டு இருக்கேன், பெல் அடிக்கு. தொறந்தா நிக்கான். வெயில்ல வந்திருக்கான், ஒரு சொட்டு வேர்வை இல்ல. உள்ள வால, மோர் குடிச்சிட்டுப் போன்னேன். 'மூட்டைய மட்டும் குடுங்க சித்தி, அக்கா காத்துக்கிட்டு இருப்பா'ன்னான். ஊருக்கு எப்பல வந்தன்னு கேட்டேன். 'வந்துக்கிட்டே இருக்கேன் சித்தி'ன்னான். மூட்டைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஏம்ட்டி, அவனுக்கு அங்க சோறு இல்லையா? வேட்டிக்குள்ள ஆளே இல்லாத மாதிரி நடக்கான்."

மருமகளும் பார்த்திருக்கிறாள். சித்தியும் மருமகளும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்வது இதுதான் முதல் தடவை.

சட்டமும் விசாவும் எனக்கு வேண்டாம். நீரஜா மேடமுக்காகவும் இதைக் கேட்கவில்லை. வருகிறாயா, இல்லையா? ஒரு வரி எழுது.

தங்கபுஷ்பம்


தற்காலிக முகவரியிலிருந்து
25 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வரியில் எழுதக்கூடிய விஷயமா இது? நான் வருவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்போது, எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலையில் என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். விண்ணப்பம் முடிவாகும்வரை நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்கிறார்கள். வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகிவிடும். ஆகவே இப்போதைக்கு நான் வருவதாகச் சொல்வது எனக்கே எதிரான ஆதாரம். கடிதத்தில் முத்திரை வேறு விழும். புரிந்துகொள்.

என் போன் இணைப்பை நிறுத்திவிட்டார்கள். "நாட்டைவிட்டு வெளியேறிய வாடிக்கையாளர்" என்று குறித்திருக்கிறதாம். போன் கடைக்கே போய், கவுன்ட்டர் பெண்ணின் எதிரில் நின்று, நான் வெளியேறவில்லை என்றேன். அந்தப் பெண் திரையைப் பார்த்து, "வெளியேறிவிட்டீர்களே" என்று அன்பாகச் சொன்னாள். பெரிய கடைகளில் தானாகத் திறக்கும் கதவுகள் எனக்கு இப்போது திறப்பதில்லை. பின்னால் யாராவது வரும்வரை காத்திருந்து அவர்களோடு நுழைகிறேன். விசாவுக்கு விரல் ரேகை கொடுக்கப் போனேன். மெஷினைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். அது என் விரலைத் தேடிக்கொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் தொழில்நுட்பக் காரணம் இருக்கும். ஒன்றுக்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியவில்லை. டம்ளரில் என் பெயர் தேய்கிறது. நானே பொறித்தது. தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும், எழுத்து போகாது என்று எத்தனை பேருக்குச் சொல்லி விற்றிருக்கிறோம். கிருஷ்ணன் போய்விட்டது. முத்து மட்டும் இருக்கிறது.

சித்தி வீட்டுக்கு வந்தவனை நீ பார்த்தாயா?

முத்து


நிரந்தர முகவரியிலிருந்து
மந்தைவெளி
22 ஜூன் 2025

தம்பி,

பார்த்தேன்.

ஒரு வாரமாக நம் தெருவில்தான் நிற்கிறான். எதிரில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. பட்டப்பகல். காய்கறி வண்டி போகிறது, ஸ்கூல் வேன் போகிறது, எல்லோரும் அவனைச் சுற்றி விலகிப் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இஸ்திரிக்காரர் இனாயத் பாயிடம் மெதுவாகக் கேட்டேன். "உங்க தம்பிதானேம்மா? ஏன் வெளியவே நிக்க வெக்கிறீங்க? என்ன சண்டையா இருந்தாலும் உள்ள கூப்பிட்டுப் பேசுங்க. பக்கத்துல நின்னா பெட்டியில கரி அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்றார்.

வங்கி ஓ.டி.பி. வருவதற்காக உன் பழைய சென்னை நம்பரை அங்கே எடுத்துக்கொண்டு போனாயே, அதற்கு ஜன்னலில் நின்றபடி போன் போட்டேன். மணி தெருவில் அடித்தது. அவன் எடுத்தான். "சொல்லுக்கா" என்றான். உன் குரல்தான். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி இல்லாமல் தெளிவாக இருந்தது. நான் வைத்துவிட்டேன்.

நேற்றிலிருந்து மத்தியானம் பெல் அடிக்கிறான். மூட்டையில் சாவி இருக்கிறது. ஆனாலும் பெல்தான் அடிக்கிறான். சாவியைப் பையில் வைத்துக்கொண்டே பெல் அடிக்கிற கெட்ட பழக்கம் எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் உண்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உனக்கு எழுதுகிற கடிதத்தில் பொய் எழுதக் கூடாது. பயம் முதல் இரண்டு நாள்தான். அப்புறம், சாப்பிட்டிருப்பானா என்று தோன்றத் தொடங்கிவிட்டது. நேற்று ஷட்டரைத் தூக்கும்போது வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. இடது கையால் தூக்கி, வலியோடு வலது கையால் எழுதுகிறேன். எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை.

உள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வருகிறேன் என்று நீ ஒரு வரி எழுதினால் தாழ்ப்பாளை எடுக்க மாட்டேன். அவன் நின்றுவிட்டுப் போகட்டும். ஆடி பிறக்கும்வரை பார்ப்பேன்.

அக்கா


முகவரி: மே/பா அறிவு
7 செப்டம்பர் 2025

அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் கடிதம் ஜூலை முதல் வாரமே வந்துவிட்டது. பதிலை எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். வருகிறேன் என்று எழுதினால் விசா போய்விடும். வரமாட்டேன் என்று எழுதினால் நீ திறந்துவிடுவாய். முடிவு வந்ததும் எழுதலாம் என்று இருந்தேன்.

முடிவு வந்துவிட்டது. விண்ணப்பதாரர் ஏற்கனவே நாட்டைவிட்டு வெளியேறித் தன் நிரந்தர முகவரியை அடைந்துவிட்டதால், விண்ணப்பம் பரிசீலிக்கத் தக்கதல்ல. அடைந்த தேதி ஜூலை 17 என்று போட்டிருக்கிறார்கள், நம் கணக்கில் ஆடி முதல் தேதி. கீழே ஒரு வரி: திரும்புவதாக அளித்த உறுதியை நிறைவேற்றியதற்கு எங்கள் பாராட்டுகள்.

அலுவலகத்துக்கே போய் நின்றேன். நான் இங்கே இருக்கிறேன் என்றேன். "அப்படியானால் நிரூபியுங்கள்" என்றார்கள். கைரேகை இல்லை, போன் இல்லை, வீட்டு ஒப்பந்தத்தில் அறிவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கே வந்துவிடுகிறேன், டிக்கெட் கொடுங்கள் என்று விமான நிலையத்தில் கெஞ்சினேன். இந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அறிவு நல்லவன். தினமும் என்னைப் பார்க்கும்போது புதிதாகப் பார்க்கிறான். "நீங்க யாரு பிரதர், முத்துவோட ஃபிரெண்டா?" என்று கேட்டுவிட்டு, படுக்க இடம் கொடுக்கிறான்.

ஒரே வழி இருக்கிறது. என் நிரந்தர முகவரியில் இருக்கிற நெருங்கிய உறவினர், நான் இன்னும் திரும்பி வரவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஏற்றுக்கொள்வார்களாம். அக்கா செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார்கள்.

எழுது அக்கா. உன் தம்பி வீட்டில் இல்லை என்று எழுது. வேறு ஒன்றும் வேண்டாம். வேலை வேண்டாம், விசா வேண்டாம். நான் இருக்கிறேன் என்று யாராவது ஒருவர் சொன்னால், அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன். வருகிறேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான்: வருகிறேன்.

கதவைத் திறக்கவில்லை என்றால் திறக்காதே.

டம்ளரில் இப்போது ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது. பார்த்தால் சுவர் தெரிகிறது.

முத்து


நிரந்தர முகவரியிலிருந்து
மந்தைவெளி
5 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. என் வலது மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை. ஆகவே நான் சொல்ல, என் தம்பி முத்துகிருஷ்ணன் எழுதுகிறான். பாத்திரத்தில் எழுதிப் பழகிய கை. உங்களுக்குப் படிக்கச் சிரமம் இருக்காது.

ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. மெஷினுக்குச் சந்தனம் வைத்தோம். தம்பி வந்ததிலிருந்து கடையில் கூட்டம். பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். காலையில் அவன்தான் ஷட்டரைத் தூக்குகிறான். எண்ணெய் போடவில்லை, ஆனாலும் சத்தமே வருவதில்லை. முன்பெல்லாம் அந்தக் கிறீச் சத்தம் கேட்டு எழுந்து ஓடும் நாய், இப்போது அவன் தெருமுனையில் வரும்போதே போய்விடுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிட உட்காருகிறான். பரிமாறிய சோறு குறைவதில்லை. (இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற சுபாவம்.)

நீங்கள் கேட்ட கடிதத்தை அதிகாரிக்கு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் தம்பி படிப்பை முடித்து, வாக்குக் கொடுத்தபடி திரும்பி வந்து, நிரந்தர முகவரியில் என்னோடு இருக்கிறான் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி கேட்டிருந்தீர்கள். பொய் எழுத எனக்கு வராது. நீரஜா மேடம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வருகிறேன் என்று சொன்னவர்களைத்தான் இத்தனை நாள் பார்த்தேன், வந்தே காட்டியவர் இவர் ஒருவர்தான் என்று தம்பியின் படத்தை அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். படம் கொஞ்சம் மங்கலாக விழுந்திருக்கிறது.

உங்கள் கடிதங்களை எல்லாம் வைத்திருக்கிறேன். பாசமாக எழுதுகிறீர்கள். உங்களுக்கும் ஓர் அக்கா இருக்கிறார் என்று தெரிகிறது. அவரைத் தேடிப் பாருங்கள். அவர் ஒரு வரிக்குக் காத்திருந்திருப்பார். ஆடி பிறந்த அன்று பெல் அடித்தபோது, தபால்காரராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை எடுத்திருப்பார். அந்த மாதிரி அக்காக்கள் உண்டு.

உங்கள் டம்ளரில் பெயர் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் கடைப் பாத்திரத்துக்கு நாங்கள் பொறுப்பு. அனுப்பி வையுங்கள். தம்பி பொறித்துத் தருவான், கூலி வேண்டாம்.

என்ன பெயர் போட வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு
தங்கபுஷ்பம்